ஆறுது

பழமலை ரயிலில் அடிபட்டதை நேரில் பார்த்தோம் என்று சொல்லிக்கொண்ட அத்தனை பேரும் உண்மையிலேயே அந்த மத்தியானம் அங்கே இருந்திருந்தால், செராமிக் தொழிற்பேட்டைக்குப் போகிற வழியிலுள்ள அந்த ரயில்வே கேட்டில் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறித்தான் நின்றிருக்க வேண்டும். அன்றைக்குப் பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருந்தவர் பார்த்திருந்தார். கம்மாபுரத்தில் சம்பந்தி வீட்டு வளைகாப்பில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பார்த்திருந்தார். விருத்தாசலத்தில் கோடை வந்தால் தண்ணீருக்குப் பஞ்சம் வரும், வேலைக்குப் பஞ்சம் வரும், சாட்சிக்கு மட்டும் வராது என்று அமுதவள்ளி நினைத்துக்கொண்டாள்.

அமுதவள்ளி தர்மராஜின் மனைவி. தர்மராஜ் தொழிற்பேட்டையில் பொம்மைக் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் சிமெண்டு ஷீட் போட்ட ஒரு கொட்டகை, ஒரு சூளை, ஒரு சுழல் நாற்காலி. நாற்காலியைச் சுழற்றுவது தர்மராஜின் பொறுப்பு. களிமண் கூழ் கரைப்பது, அச்சில் ஊற்றுவது, கழற்றுவது, காயவைப்பது, சூளைக்கு அடுக்குவது எல்லாம் மற்றவர்கள் பொறுப்பு. அந்த மற்றவர்களை மேய்ப்பது அமுதவள்ளியின் பொறுப்பு. பழமலை அங்கே சூளை அடுக்குகிற ஆள். அவன் பெண்டாட்டி பூங்கோதை அதே கம்பெனியில் பினிஷிங் வேலை செய்தாள். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் விலாவில் ஓடுகிற கோட்டைப் பிளேடால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, அது அச்சில் பிறந்த அடையாளமே தெரியாமல் ஆக்குகிற வேலை.

அந்தக் கேட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இரண்டு தண்டவாளம் ஓடுகிற கேட்டு அது. மூடினால் சீக்கிரம் திறக்காது. மூடியிருந்தால் குனிந்து தாண்டுவதுதான் அந்த ஊர் வழக்கம். அதில் ஒரு மரியாதையும் இருந்தது. முதலில் தாண்டியவர், எதிர்ப்பக்கம் நிற்கிற தெரிந்த ஆளைப் பார்த்து, "வா வா, வரலாம்" என்று கூப்பிட வேண்டும். பந்தியில் இடம் பிடித்தவன் பக்கத்து இலையைக் காட்டிக் கூப்பிடுகிற மாதிரி. கூப்பிடாமல் போனால், "கேட்டுல பாத்தும் பாக்காத மாதிரி போறான், காசு வந்துடுச்சி" என்று பேச்சு வரும். கூப்பிட்டும் வராமல் நின்றால், "உசுரு மேல என்னா ஆசை பாரு" என்று சிரிப்பார்கள்.

அன்றைக்கு ஒரு தண்டவாளத்தில் கூட்ஸ் மெதுவாக வந்துகொண்டிருந்தது. எல்லாரும் அதைத்தான் பார்த்தார்கள். இன்னொரு தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் வந்தது. பழமலை நடுவில் இருந்தான். அவ்வளவுதான் நடந்தது.

ரயில்வே போலீஸ்காரர் வந்து, "யாருப்பா பாத்தது?" என்று கேட்டார். ஒருவர், "அப்பதாங்க அந்தாண்ட திரும்புனன்" என்றார். இன்னொருவருக்குக் கண்ணில் தூசி விழுந்திருந்தது. மூன்றாமவருக்குச் செருப்பு வார் அறுந்து குனிந்திருந்தார். அதைக் கேட்டதும் அடுத்து நின்ற ஐந்தாறு பேருக்கும் செருப்பு வார் அறுந்தது. போலீஸ்காரர் பெருமூச்சு விட்டு, இறந்தவர் தாமாகவே குறுக்கே பாய்ந்ததாகத் தெரிகிறது என்று எழுதிக்கொண்டு போனார். அவருடைய வண்டி திருப்பத்தில் மறைந்ததும் ஊருக்குக் கண் திறந்தது.

சாயங்காலத்துக்குள் ஒரு கதை முடிவாகிவிட்டது. பழமலை ரயிலுக்கு முன்னால் போய் நின்றான். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். வானத்தைப் பார்த்தான். பாய்ந்தான். ஏன் பாய்ந்தான்? அதற்கும் பதில் இருந்தது. அன்று காலையில் பூங்கோதை தெருவே கேட்க, "வூட்டுக்கே வராத, அப்படியே போயிடு" என்று கத்தியிருந்தாள். மத்தியானத்துக்கு என்று எடுத்துவைத்த கருவாட்டுக் குழம்பை அவன் காலைப் பழைய சோற்றுக்கே ஊற்றி வழித்துவிட்டான். அதற்குத்தான் சண்டை. கருவாட்டுக்காக ஒருவன் ரயிலில் பாய்வானா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் கதை கெட்டுவிடும்.

அமுதவள்ளியும் முதலில் நம்பத்தான் நம்பினாள்.

ஒரு வாரத்தில் வாட்ஸ்அப்பில் 'நேரில் கண்டோர்' என்று ஒரு குரூப் வந்தது. அது வளர்ந்து சங்கமானது. தலைவர் தர்மராஜ், ஏனென்றால் அவர்தான் தண்டவாளத்துக்கு மிக அருகில் நின்றவர். செயலாளர் ராஜாங்கம். கேட்டை ஒட்டி டீக்கடை வைத்திருப்பவர். பழமலை கடைசியாகப் பேசியதும் வாங்கியதும் அவரிடம்தான். அந்தப் பெருமையில் அவர் கடை வாசலில் பழமலையின் படத்தை மாட்டி, சட்டினி வாளிக்கு மேலே சரியாக வருகிற மாதிரி மாலையும் போட்டிருந்தார். வருகிறவர்களிடமெல்லாம், "இதே வடைதாங்க. சாவப்போற நேரத்துலயும் எங்க கட வடைதான் அவனுக்கு நெனப்பு வந்துருக்குது. ஆறு வாங்குனான். கெட்டிச் சட்டினி தனியா கட்டச் சொன்னான்" என்பார். வியாபாரம் கூடியது.

துணைத்தலைவர் கோகுலகிருஷ்ணன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சம்பவம் நடந்தபோது அவர் நல்லூரில் ஒரு பட்டிமன்றத்துக்கு நடுவர். "புறக்கண்ணால் காண்பது எளிது தர்மராஜ். நான் அகக்கண்ணால் கண்டேன்" என்று சொல்லி அந்தப் பதவியை வாங்கிக்கொண்டார்.

தர்மராஜுக்கு ஐம்பது வயதில் முதல்முறையாக ஊர் காது கொடுத்தது. தினமும் சாப்பிட உட்கார்ந்தால் அதே பேச்சு. முதல் நாள், "நான் வண்டிய ஸ்டாண்டு போட்டுட்டு நிமுந்தன், அதுக்குள்ள முடிஞ்சிடுச்சி" என்றவர், பத்தாம் நாளில், "எங் கண்ணும் அவன் கண்ணும் நேருக்கு நேரா பாத்துக்கிச்சி அமுதா. கைய இப்படித் தூக்குனான்" என்று எழுந்து நின்று ஆடிக் காட்ட ஆரம்பித்தார். குழம்பு ஊற்றிய கையோடு அமுதவள்ளி அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கல்யாணமான புதிதில் சினிமாவுக்குப் போனால் இடைவேளையில் தூங்கிவிடுகிற மனுஷன். இப்போது சிவாஜி மாதிரி கன்னம் துடிக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பூங்கோதை வேலைக்கு வந்தாள். வீட்டில் இருக்க முடியவில்லை. பழமலையின் அம்மா வீரம்மாள் அவளோடு பேசுவதில்லை. அதைவிட, அவள் கையால் வாங்கிச் சாப்பிடுவதில்லை. பக்கத்து வீட்டில் கூழ் வாங்கிக் குடித்துவிட்டு, மருமகள் ஆக்கி வைத்த சோற்றை அப்படியே கோழிக்குக் கொட்டினாள்.

சித்திரை வெயில் ஷீட்டு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. சூளையை அணைத்து ஒரு ராத்திரி போயும் அதன் சூடு கொட்டகையில் மாடு மாதிரி படுத்துக்கிடந்தது. பினிஷிங் மேசையில் நாலு பெண்கள். வரிசையாகக் கிருஷ்ணன் பொம்மைகள், சுடாத பச்சைப் பொம்மைகள், அழுத்தினால் விரல் பதிகிற பதத்தில். பூங்கோதை ஒன்றை எடுத்து, பிளேடை வைத்து, எடுத்து, வைத்து, கீழே வைத்துவிட்டாள்.

"கை நடுங்குதாடி?" என்றாள் அமுதவள்ளி.

"இல்லக்கா. இந்தக் கோட்டப் பாத்தா தண்டவாளம் மாதிரி இருக்குது."

மற்ற பெண்கள் அவசரமாகக் குனிந்து வேலை செய்தார்கள். எதிரே இருந்த தங்கம்மாள் மட்டும் சும்மா இருக்க மாட்டாமல், "மனசுல வச்சிக்கினே இருக்காத பூங்கோத. கோவத்துல ஒரு வார்த்த சொல்லிட்ட. அவுரு அத மனசுல போட்டுக்கிட்டாரு. விதி அதுதான்" என்றாள். ஆறுதல் சொல்கிறாளாம்.

"வார்த்தையாவது மசுராவது" என்று பூங்கோதை நிமிர்ந்தாள். "தெனமும் சொல்ற வார்த்தக்கா அது. நான் வூட்டுக்கு வராதன்னுவன், அவுரு வரமாட்டன்டி போடின்னுவாரு, சாயங்காலம் வந்து நிப்பாரு. அன்னிக்கும் நான் வேலைக்கி வராம வூட்டுல இருந்தன், மத்தியானம் போனு பண்ணாரு. 'கோவம் போச்சாடி? வர்றப்ப நெத்திலி கருவாடு வாங்கியாரட்டா?'ன்னாரு. நான் பேசாம இருந்தன். கொஞ்ச நேரம் கெஞ்சட்டுமேன்னு. அப்ப சொன்னாரு, 'இரு இரு, அந்தாண்டேந்து கூப்புடறாங்க, தாண்டிட்டுப் பேசறன்'னு. இதாங்க்கா கடைசி. கருவாடு வாங்கப்போறவனா சாவறதுக்குப் போவான்?"

"யாரு கூப்புட்டாங்க?" என்றாள் அமுதவள்ளி.

"அதத்தான் ஊரு பூரா கேட்டுட்டு வரன். அத்தன பேரு பாத்தாங்க. எங்க வூட்டுக்காரரு சட்டையில எந்தப் பித்தான் இல்லன்னு வரைக்கும் சொல்றாங்க. கூப்புட்டது யாருன்னா ஒருத்தருக்கும் தெரியல. டீக்கடக்காரருகிட்ட கேட்டன். வட வாங்குன வரைக்கும்தான் என் ஏரியான்னாரு."

"கொரலு கேக்கலியா ஒனக்கு?"

"போன வழியா தூரமா கேட்டுச்சி. வா வா, வரலாம்னு. அப்புறம், ஆறுது ஆறுதுன்னு என்னமோ. இன்னா ஆறுதுன்னு தெரியல. எங்க அத்தகிட்ட சொன்னன். 'ஒம் மேல தப்பு வராம இருக்க கத கட்டுறியா'ன்னு கேக்குது. அந்த ஒரு ஆளு வந்து நான்தான் கூப்புட்டன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும்க்கா. நான் அவுரு மேல கேசு போடப் போறனா? கூப்புட்டது தப்புன்னா சொல்றன்? நானுந்தான் எத்தினி பேர கூப்புட்டுருக்கன் அந்தக் கேட்டுல. எங்க அத்த என் கையால ஒரு வாய் சோறு துன்னணும். அவ்வளவுதான்."

அமுதவள்ளி மேசையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்தாள். ஆறுது என்றால் என்ன ஆறும்? புண் ஆறும். கோபம் ஆறும். ராஜாங்கம் கடையில் எண்ணெயிலிருந்து எடுத்த வடை ஆறும். அவள் கையிலிருந்த பச்சைக் கிருஷ்ணனின் மூக்கு நசுங்கியது. அப்போதுதான் அழுத்திக்கொண்டிருந்தது அவளுக்கே தெரிந்தது.

அன்று சாயங்காலம் தர்மராஜ் முருங்கைக்கீரையைப் பிசைந்துகொண்டே அன்றைய ஆட்டத்தை ஆரம்பித்தார். எழுந்தார். கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம்" என்றாள் அமுதவள்ளி. "கும்புடறவன் ரெண்டு கையையுந்தான தூக்குவான்? நீங்க ஏன் ஒத்தக் கையத் தூக்குறீங்க?"

தர்மராஜ் தன் கையைப் பார்த்தார். அது, பொட்டலத்தை உயர்த்திக் காட்டுகிற மாதிரி, விரல் மடங்கி அந்தரத்தில் நின்றிருந்தது. இத்தனை நாளும் மாப்பிள்ளை முறுக்கோடு அவர் நடித்துக் காட்டியது அதைத்தான்.

"எத்தினி கையா இருந்தா இன்னா?"

"வட யாருக்கு?"

"எந்த வட?"

"ஆறு வட. கெட்டிச் சட்டினி தனியா. பழமலைக்கு வட ஆவாது. துன்னா நெஞ்செரிச்சலுன்னு ஊருக்கே தெரியும்."

"டீக்கு வாங்கியாரச் சொன்னன். தெனமும் சொல்றதுதான? அதுல இன்னா குத்தம் கண்டுட்ட?"

"வட ஆறுதுன்னு கூப்புட்டது?"

தர்மராஜ் உட்கார்ந்தார். கீரைச் சோற்றை உருட்டினார். உருட்டியதை வாயில் போடாமல் மறுபடி உருட்டினார்.

"எல்லாருந்தான் கூப்புடறாங்க" என்றார் கடைசியில். "நான் கூப்புட்டதாலயா செத்தான்? ரயிலு வந்ததால செத்தான். இந்தக் கரண்டு இன்ஜினு சத்தமே இல்லாம வருது. நான் கூட்ஸப் பாத்தன். அது எங்கியோ வருது. வாடா வரலாம்னன். அந்தாண்ட லைனுல இன்னொன்னு வருதுன்னு எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்?"

"தெரியாது. நான் அதக் கேக்கல. அந்தப் பொண்ணு ஊர் ஊரா கேட்டுட்டுத் திரியுது, நீங்க சங்கத்துக்குத் தலைவரா குந்திக்கினு இருக்கீங்களே, அதக் கேக்கறன்."

"இப்பப் போயிச் சொன்னா என் பேரு என்னா ஆவறது? பத்து பேரு மதிக்கிற நேரம் அமுதா."

"பத்து பேரு மதிக்கிறது நீங்க பாத்ததுக்கா? கூப்புட்டதுக்கா?"

"கத்தாத. பக்கத்து வூட்டுல கேக்கும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஞாயித்துக்கெழம ஆறுதல் கூட்டம் வச்சிருக்கம்ல. அங்க சொல்லிடறன். சூசகமா."

"நான்தான் கூப்புட்டன்னு சொல்றதுல சூசகம் எங்க வருது?"

"சரி, வெளிப்படையாவே சொல்றன். பழமலைநாதர் மேல சத்தியம்."

செத்தவனுக்கும் ஊர்ச் சாமிக்கும் பொதுவான அந்தப் பெயரின் மேலேயே சத்தியம் செய்துவிட்டு மோர் கேட்டார். அமுதவள்ளி செம்பை நகர்த்தி வைத்தாள். வேறென்ன செய்வது? மறுநாள் பினிஷிங் மேசையில் பூங்கோதையின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோதெல்லாம், "வெயிலு ஜாஸ்தியா இருக்குதுல்ல?" என்றுதான் வந்தது. அவர் வாயால் வந்தால்தான் வீரம்மாள் நம்புவாள் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். செருப்பு வார் அறுந்தவர்களும் இப்படித்தான் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியபோது அவளுக்கே அவள்மேல் எரிச்சல் வந்தது.

கூட்டத்துக்காகத் தர்மராஜ் ஒரு சிலை செய்யத் தீர்மானித்தார். கேட்டுக்குப் பக்கத்தில் பழமலைக்கு மார்பளவு செராமிக் சிலை. சங்கம் கைதட்டியது. ஆனால் பழமலைக்கு அச்சு ஏது? இருந்தது கிருஷ்ணன், பிள்ளையார், கொலுவுக்கு வைக்கிற செட்டியார். அதில் செட்டியார்தான் அளவில் பெரியவர். செட்டியாரை வயிற்றோடு அறுத்துக் கீழ்ப்பாதியை எறிந்து, கழுத்துச் சங்கிலியைச் சுரண்டி, நாமத்தை அழித்து, மீசையைக் கொஞ்சம் முறுக்கினார்கள். சூளையில் வைத்தார்கள். சுட்டால் களிமண் சுருங்கும் என்பது அந்தப் பேட்டையில் மண் சுமக்கிறவருக்கும் தெரியும். தலைவர் பதவியில் இருந்ததால் தர்மராஜுக்கு அது மறந்துபோயிருந்தது. பீடத்தை முன்கூட்டியே பெரிதாகக் கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கி வைத்துப் பார்த்தால், பீடத்தின்மேல் யாரோ ஒரு செட்டியார் கழுத்தளவு தண்ணீரில் முழுகிக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. சரிகைத் துணி போட்டு மூடினார்கள்.

தொழிற்பேட்டைப் பக்கமாக ரோட்டோரத்தில் சாமியானா. பின்னால் பிளெக்ஸ். அதில் சங்க நிர்வாகிகள் ஆளுயரத்துக்குச் செல்போனைக் காதில் வைத்தபடி நின்றார்கள். கீழ் மூலையில் ஸ்டாம்பு அளவுக்குப் பழமலை. 'ஆறுதல் கூட்டம்' என்று கொட்டை எழுத்து. ஓரமாக ராஜாங்கத்தின் ஆட்கள் அடுப்பு வைத்து வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். 'உபயம்' என்று அதற்கும் ஒரு சிறிய பிளெக்ஸ். கூட்டம் நன்றாகவே சேர்ந்தது. துக்கத்துக்கு வந்ததா, வடைக்கு வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாத கூட்டம்.

வீரம்மாளை முன்வரிசை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். பூங்கோதை அந்த வரிசைக்கு வரவில்லை. யாரும் கூப்பிடவுமில்லை. கடைசியில், ஸ்பீக்கர் கட்டிய கம்பத்தடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அமுதவள்ளி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க ஏங்க்கா மண்ணுல குந்துறீங்க? சீல வீணாப்பூடும்."

"பூடட்டும். இன்னிக்கி ஒரு சேதி வரும் பாரு."

"இன்னா சேதி?"

அமுதவள்ளி மேடையைப் பார்த்தாள். அங்கே கோகுலகிருஷ்ணன் மைக்கைப் பிடித்திருந்தார். பிடித்தால் எளிதில் விடமாட்டார்.

"தண்டவாளமே! தன்னிகரில்லாத் தங்கத்தைத் தட்டிப் பறித்தாயே தண்டவாளமே! இரும்பே, உனக்கு இதயம் இல்லையா? இல்லை! ஏனென்றால் நீ இரும்பு!"

கைதட்டல். இரும்புக்கு இதயமில்லை என்று கண்டுபிடித்த தெம்பில் அவர் மேலும் போனார். "அந்தத் தூயவன் இருகரம் கூப்பி இயற்கையை வணங்கி இறுதிப் பயணம் புறப்பட்டதை என் அகக்கண்..."

"அவுருக்கு நல்லூருலேந்தே தெரிஞ்சிருக்குது பாரேன்" என்று அமுதவள்ளி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பூங்கோதை சிரிக்கவில்லை. மேடையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இதில் எந்த வாய் என்று தேடுகிற பார்வை.

முன்வரிசையில் வீரம்மாள், யாரோ கொடுத்த வடையைக் காகிதத்தோடு மடியில் வைத்துக்கொண்டு, தின்னாமல், மைக்கைப் பார்த்தபடி இருந்தாள்.

தலைவர் உரைக்குத் தர்மராஜ் எழுந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. அமுதவள்ளி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவருடைய கண் ஒரு தடவை அவளைத் தேடிப் பார்த்துவிட்டு விலகியது. தொண்டையைக் கனைத்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே. அன்னிக்கி நடந்தத மொதல்ல பாத்தவன்ற மொறையில, இதுவரைக்கும் சொல்லாத ஒரு உண்மைய இன்னிக்கி இந்த மேடையில..."

கேட்டின் மணி அடித்தது. கட்டை இறங்கியது. அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. சிறப்பு விருந்தினர். கடைவீதியில் நகைக்கடை வைத்திருப்பவர். சிலைக்குத் துணி விலக்க அவர்தான் வரவேண்டும். காரிலிருந்து இறங்கி, மூடிய கேட்டைப் பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். தூரத்தில் கூட்ஸ் வந்துகொண்டிருந்தது.

விருந்தினர் வெயிலில் நிற்கிறார். தலைவருக்குப் பதறியது. சொல்ல வந்த உண்மை எங்கே போனதோ, கையிலிருந்த மைக்கை மறந்து, கையை உயர்த்தி, அந்த ஊர்க்காரன் யாராயிருந்தாலும் செய்வதைச் செய்தார்.

"ஐயா! வாங்க வாங்க! வரலாம் வாங்க! அது தூரத்துலதான் வருது! குனிஞ்சி வந்துடுங்க, வட ஆறுது! ஆறுது, வாங்க!"

நாலு ஸ்பீக்கரும் அதைச் சொல்லின. குரல் தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் மோதித் திரும்பி வந்து இன்னொரு தடவையும் சொன்னது. வரலாம் வாங்க. ஆறுது.

நகைக்கடைக்காரர் கட்டைக்கடியில் பாதி குனிந்த நிலையில் நின்றுவிட்டார். வடைச் சட்டியில் எண்ணெய் பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

பூங்கோதை எழுந்தாள். கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விட்டுவிட்டு நடந்து மேடைக்கு முன்னால் வந்தாள்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க மொதலாளி" என்றாள்.

தர்மராஜ் மைக்கை ஏதோ சுட்டுவிட்ட மாதிரி பார்த்தார். "நான்... அவர விருந்தாளின்னு..."

"அதே மாதிரி சொல்லுங்க. எங்க அத்தைக்குக் கேக்கட்டும். வா வா, வரலாம். ஆறுதுன்னு."

மேடையில் நாற்காலிகள் பின்னுக்கு நகர்ந்தன. கோகுலகிருஷ்ணன் தன் அகக்கண், புறக்கண் இரண்டையும் மூடிக்கொண்டார். தர்மராஜின் உதடு அசைந்தது. "கேட்டுல எல்லாருந்தான..." என்று ஆரம்பித்தபோது கூட்ஸின் ஹாரன் அதை அடித்துக்கொண்டு போனது.

அமுதவள்ளி எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் மேடையேறி அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். வண்டி வந்துவிட்டது. நிலக்கரி ஏற்றிய பெட்டி, பெட்டிக்குப் பின்னால் பெட்டி. சாமியானா படபடத்தது. சிலைமேல் போட்டிருந்த சரிகைத் துணி பறந்துபோய் வடை அடுப்பு ஓரம் விழுந்தது. சுருங்கிய செட்டியார் மீசையோடு எல்லாரையும் பார்த்தார். அமுதவள்ளி மைக்கை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கேட்டில் ஒருவர் ஒரு முழு ரயில் போகும்வரை பொறுமையாகக் காத்துநின்றதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

கடைசிப் பெட்டி போனது. தூசி அடங்கியது.

"பழமலைய அன்னிக்கிக் கூப்புட்டது இவுருதான்" என்றாள். "எங்க வூட்டுக்காரரு. வட ஆறுதுன்னு கூப்புட்டாரு. பழமலை பொட்டலத்தத் தூக்கிக் காட்டிட்டு வந்தான். அவன் சாவப்போவல. கும்புடல. வட குடுக்க வந்தான். எனக்கு இது முன்னயே தெரியும். நானும் வாயத் தொறக்கல."

மைக்கை மேசைமேல் வைத்தாள். அது கிறீச்சிட்டது.

தர்மராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். அது சுழலாத நாற்காலி. எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீரம்மாள் எழுந்துகொள்ள நேரமாயிற்று. முழங்காலைப் பிடித்து, நாற்காலியின் முதுகைப் பிடித்து எழுந்தாள். மடியிலிருந்த வடை காகிதத்தோடு கீழே விழுந்தது. அதை அவள் எடுக்கவில்லை. மேடையைத் திரும்பியும் பார்க்கவில்லை. மருமகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சோத்துல தண்ணி ஊத்திட்டியாடி?"

"இல்லத்த. அப்படியேதான் இருக்குது."

"கொழம்பு?"

"நெத்திலி."

வீரம்மாளுக்கு வாய் கோணியது. அடக்கிக்கொண்டாள். "வா, போவலாம். பசிக்குது" என்று சொல்லி, பூங்கோதையின் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இருவரும் ரோட்டில் இறங்கினார்கள். அப்போது மணியடித்துக் கேட்டுக் கட்டை மேலே ஏறியது. அடுத்து யாரைப் பார்த்து யார் என்ன கேட்பார்களோ என்ற நேரம். ராஜாங்கம் அவசரமாக அடுப்பை அணைத்தார். ஒருவர் கீழே குனிந்து தன் செருப்பு வாரைப் பார்த்தார். நேரில் கண்டோர் சங்கத்தினர் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் அத்தனை பேருக்கும் அன்றைக்கு அந்தாண்டப் பக்கம் ஏதோ வேலை இருந்தது.